உறையாத மண்ணில் விழுந்த பனி

காரஸ்யோக்குக்கு மேற்கே,
குளிர்கால வீடு,
நவம்பர் முதல் வாரம்.

லெமெத்துக்கு, உன் மனைவி காரென் எழுதுவது.

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உனக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். சிறையில் உனக்குக் கிடைக்கிற போன் நேரத்தையெல்லாம் நம் மகள் எல்லே பிடுங்கிக்கொள்கிறாள். அவள் கையிலிருந்து நான் வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதியும் இருக்கிறது, நடுவில் நீ கத்த முடியாது.

முதலில் பனியைப் பற்றிச் சொல்கிறேன். அக்டோபர் முழுக்க மழை. தரை உறையவே இல்லை, வாசலில் கால் வைத்தால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரே மூச்சில் இடுப்பளவு பனி கொட்டித் தீர்த்துவிட்டது. உன் தம்பி பியேராவுக்கு ஒரே கொண்டாட்டம். பனி மெத்தென்று இருக்கிறது, நடுவில் பனிக்கட்டித் தகடு இல்லை, பனிமான்கள் சிரமப்படாமல் தோண்டிப் பாசி தின்னும் என்கிறான். மந்தையைப் பள்ளத்துப் பைன் காட்டிலேயே நிறுத்திவிட்டான். நீ இல்லாதபோது மந்தைக்கு அவன்தான் தலை. அதை தினம் ஒரு தடவையாவது என்னிடம் சொல்லிக்காட்டாமல் அவனுக்குக் காப்பி இறங்குவதில்லை.

நான் போய்க் குழி தோண்டினேன். தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டை அழுகிக் கிடந்தால் வருமே, அந்த வாடை. பாசியைப் பிடித்து இழுத்தால் வெள்ளை நூல் நூலாகக் கூடவே வருகிறது. பூசணம். நாலு இடத்தில் தோண்டினேன், நாலிலும் அதே நாற்றம்.

இங்கே குளிர்காலத்தைத் தாண்டுகிற எல்லாச் செடிக்கும் ஒரு புத்தி இருக்கிறது. பிர்ச் மரம் மொட்டிலிருந்து தண்ணீரை இறக்கிவிட்டு வெறும் கட்டையாக நிற்கும். பாசி காகிதம் மாதிரி காய்ந்து, செத்ததுபோல் படுத்துக்கொள்ளும். வசந்தத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் எழுந்துவிடும். குளிர் அவற்றைக் கொல்லாது, காப்பாற்றும். பூசணத்துக்கு மட்டும்தான் போர்வை வேண்டும். தரை உறைவதற்கு முன்னால் பனி விழுந்தால் அதுதான் அதற்குப் போர்வை. வெளியே மரம் வெடிக்கிற குளிர் அடித்தாலும் உள்ளே அது சுகமாக உட்கார்ந்து பாசியைத் தின்றுகொண்டிருக்கும்.

பியேராவிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "அண்ணி, மூக்க வச்சுக்கிட்டு மந்தை மேய்க்க முடியாது. எங்கண்ணன் இருந்தா இங்கதான் நிறுத்தியிருப்பான்" என்றான். அதுதான் எனக்கு எரிச்சல். நீயும் இங்கேதான் நிறுத்தியிருப்பாய். நீங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் மண்வெட்டியால் குத்தி, கெட்டியா மெத்தென்றா என்று மட்டும் பார்க்கிறவர்கள்.

சுத்தமான இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மொட்டை மலை. காற்று அங்கே பனியை நிற்கவிடாது. அதனால் மழை நின்றதும் தரை இறுகியிருக்கும். பாசி குட்டையாகத்தான் இருக்கும், ஆனால் நாறாது. அங்கே மான் மேய்க்கிறதற்குக் கல்லை மென்று பிழைக்கலாம் என்று நீ கேலி செய்வாயே, அதே மலை. ஆனால் அது மிக்காலின் மேய்ச்சல். மிக்காலிடம் போய்க் கேட்கிற முகம் நமக்கு எங்கே இருக்கிறது?

அவனைப் போன வாரம் கடையில் பார்த்தேன். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். குளிரில் விறைத்துக் கறுத்துப்போன மற்றதை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். விரலில்லாத கையுறை ஒன்றைத் தைத்து மாட்டியிருக்கிறான். காப்பிப் பொட்டலத்தை அலமாரியிலிருந்து எடுக்க முடியாமல் இடது கையால் தட்டித் தட்டிக் கீழே தள்ளினான். நான் ரொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மான்கள் ஆறு தாண்டி வந்து நம் பாசியை மிதித்தது தப்புதான் லெமெத். அதற்காக ஒரு மனிதன் மேல் சுருக்குக் கயிறு வீசி, பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆற்றின் பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டு போனாய். கையுறை கழன்று விழுந்ததை நீ பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னாய். நான் உன்னை நம்பினேன். கடையில் அந்தக் கையைப் பார்த்தபோது நம்புவது கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று. போன வாரம் போனில் எல்லேயிடம், "வந்து அவனப் பாத்துக்கிறேன்" என்றாயாம். அவள் வந்து என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய்? இன்னும் ஒரு விரல் மிச்சம் இருக்கிறதே, அதையா?

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருந்தேன். கையில் கொடுத்தார்களா என்று எழுது.

காரென்.


ஜனவரி கடைசி.

லெமெத்துக்கு,

பியேரா உயிரோடு இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கன்றுகள் விழ ஆரம்பித்துவிட்டன. தாய் மான்கள் தோண்டும், மோந்து பார்க்கும், விலகிப்போய் வேறு இடத்தில் தோண்டும். பசி தாங்காதவை தின்றன. தின்றவை காலை அகட்டிக்கொண்டு நின்று, வாயில் நுரை தள்ளி, அப்படியே உட்கார்ந்துவிட்டன. உட்கார்ந்த கன்றின் கண்ணை அண்டங்காக்கைகள் உயிரோடு கொத்தி எடுத்தன. நான் ஓடி ஓடிப் பிடரியில் கத்தியை இறக்கினேன். ரத்தம் முழங்கை வரைக்கும் உறைந்து சட்டைக் கையோடு ஒட்டிக்கொண்டது. எல்லே வாந்தி எடுத்துக்கொண்டே கால்களைப் பிடித்தாள். ஒரு தடவைகூட வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவள் உன் மகள்தான், அதில் சந்தேகமில்லை.

பியேரா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கேயோ போய்க் காய்ந்த புல் கட்டுகளை வாங்கி வந்தான். ஒரு கைப்பிடி, அதிலும் பாதி பாசி கலந்து, மெதுவாகப் பழக்கு என்று கெஞ்சினேன். மானின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊரே குடியிருக்கிறது. இலை உதிரும்போதே அந்த ஊர் பாசிக்குப் பழகிவிடும். திடீரென்று புல்லைக் கொட்டினால் அதைச் செரிக்க உள்ளே ஆள் இருக்காது. பியேராவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பசித்து நிற்கிற மந்தையைப் பார்த்துக்கொண்டு அளந்து போட அவனுக்கு மனசு வரவில்லை. கட்டுகளை அறுத்துக் கொட்டிவிட்டான். அவையும் தின்றன பார், எனக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அவை கும்பல் கும்பலாகப் படுத்துவிட்டன. ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தோம். உள்ளே புல், கொட்டகையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, பச்சை வாசனைகூடப் போகாமல். வயிறு முட்ட வைத்துக்கொண்டு பட்டினியால் செத்திருக்கின்றன. பியேரா ஒரு பிடி புல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தான். பிறகு நேராகப் போய்த் துப்பாக்கியை எடுத்தான். "அந்த மொட்டை மலைய இன்னைக்கு எடுத்துக்கிறேன் அண்ணி. கேக்குறதுக்கு நான் என்ன பிச்சைக்காரனா?" என்றான்.

நீ மிக்காலை இழுத்த அதே ஆற்று வளைவில் வேலியை அறுத்து, நடக்கத் தெம்பிருந்த மான்களை எல்லாம் அந்தப் பக்கம் விரட்டினான். நான் பின்னாலேயே போனேன். சூரியனே எழாத மாதத்து நடுப்பகல், நீல வெளிச்சம். மிக்காலின் மகன் யொவ்னா மேலேயிருந்து ஸ்கூட்டரில் வந்தான். நிற்கவில்லை, நேராக மந்தைக்குள் விட்டான். கால்கள் முறிகிற சத்தம் இஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. பியேரா துப்பாக்கியைத் தூக்கி, மிக்காலின் மணி கட்டின காயடித்த மானைச் சுட்டான், பத்து வருஷமாக அவர்கள் மந்தையை நடத்திப் போகிற மான் அது. அது முட்டி போட்டு விழுந்தது, கழுத்து மணி பனிக்கட்டியில் உரசிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு யொவ்னா ஸ்கூட்டரைப் பியேரா மேலேயே ஏற்றினான். பியேரா விழுந்தான், துப்பாக்கி தெறித்தது. யொவ்னா அதை எடுத்து அடிக்கட்டையால் பியேராவின் தாடையில் போட்டான். பல்லும் ரத்தமும் பனியில் சிதறின. இரண்டாவது தடவைக்கு ஓங்கினான். அது மண்டைக்கு. சறுக்கு வண்டியிலிருந்த கோடரி என் கையில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவன் தோளில் போட்டேன். மொட்டைப் பக்கம்தான் பட்டது. அது என் புத்திசாலித்தனம் இல்லை லெமெத், கை அப்படித் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். கூர்ப்பக்கமாக இருந்தாலும் அந்த நேரத்தில் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். அன்றைக்கு உனக்குள் என்ன ஓடியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மிக்கால் பனிச்சறுக்கில் வந்தான், ஒற்றைக் கோலோடு. விழுந்து கிடந்த துப்பாக்கியை இடது கையால் எடுத்தான். யொவ்னா தோளைப் பிடித்துக்கொண்டு அலறினான், "இவ புருஷன்தாம்ப்பா உங்க கைய எடுத்தவன், இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று.

"எடுத்தது குளிரு. இழுத்தவன்தான் இவ புருஷன்" என்றான் மிக்கால். பிறகு என்னைப் பார்த்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டான்.

எங்கள் பக்கம் முழுக்க நாறிப்போய்விட்டது என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்ல வரவில்லை.

அவன் என்னை நம்பினானா இல்லையா தெரியாது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் தள்ளாடி நின்ற நம் கன்று ஒன்றின் தாடையைத் தூக்கி அதன் வாயை மோந்து பார்த்தான். ரொம்ப நேரம் மோந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. சொந்த மந்தையின் வாயில் அந்த வாடை வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. நம் ஆட்கள் யாருக்கும் அந்த வாடை எதிரியின் மானிடமிருந்து வந்தாலும் பிடிக்காது.

கால் முறிந்த மான்கள் பனியில் உதைத்துக்கொண்டிருந்தன. மிக்கால் கத்தியை எடுத்தான். இடது கையால் குத்தத் தெரியவில்லை. முதல் மானுக்கு மூன்று குத்து ஆயிற்று, அது கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் போய்க் கொம்பைப் பிடித்துத் தலையை அழுத்திக்கொண்டேன். அவன் குத்தினான், நான் பிடித்தேன். நம் மான், அவன் மான் என்று பார்க்கவில்லை. கடைசியில் மணி கட்டின மானிடம் வந்தோம். அதற்கு இன்னும் மூச்சு இருந்தது. அதை அவன் தனியாகவே முடித்தான்.

எல்லாம் முடிந்ததும், "மேல ஓட்டு. மத்தத அப்புறம் பேசலாம்" என்றான்.

பியேராவின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். குழாய் வழியாகக் குழம்பு குடிக்கிறான். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. போலீஸுக்கு இரண்டு பக்கமும் போகவில்லை. போயிருந்தால் அங்கே உனக்குப் பேச்சுத்துணை கிடைத்திருக்கும்.

காரென்.


ஏப்ரல், கோடை மேய்ச்சலுக்கு வடக்கே கிளம்பும் முன்.

லெமெத்துக்கு,

உன் கடிதம் வந்தது. "மிக்காலின் தயவில் என் மான் பிழைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். அவை பிழைத்துவிட்டன. திரும்பச் சாகச் சொல்ல எனக்கு மொழி தெரியாது.

பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருப்பவை மொட்டை மலையில்தான் இருக்கின்றன. காற்று அடித்து இறுகின பனி அங்கே, கல் மாதிரி. குளம்பு பிளந்து ரத்தம் வரத் தோண்டின. கீழே கிடைத்த பாசியைக் கையில் எடுத்தால் நொறுங்கும், அவ்வளவு காய்ந்தது. ஆனால் சுத்தம். பெண் மான்கள் வயிற்றில் கன்று தங்கியிருக்கிறது, நான் தடவிப் பார்த்தேன். இப்போது வெயில் வருகிறது. பனி விலகின இடத்தில் அந்தச் சின்னச் சிவப்புப் பழச் செடி போன வருஷத்து இலையோடு, கரும்பச்சையாக, எதுவும் நடக்காததுபோல் நிற்கிறது. எனக்கு அதைப் பார்த்து அழுகை வந்தது. கோபமும் வந்தது.

மிக்கால் போன ஞாயிற்றுக்கிழமை நம் கூடாரத்துக்கு வந்தான். தன் காப்பியைத் தானே கொண்டுவந்திருந்தான். பாதி குடித்த பிறகுதான் மேய்ச்சலுக்கான கூலியைப் பற்றிப் பேசினான். நான் மான் கேட்பான் என்று நினைத்து, மனசுக்குள் எந்தெந்த மான் என்று பிரித்துக்கூட வைத்திருந்தேன்.

அவன் கேட்டது மான் இல்லை. "ஜூலையில கன்னுங்க காதுல அடையாளம் வெட்டணும். யொவ்னாவுக்குக் கை வரல, கோணக்கோண வெட்டுறான். என் அடையாளத்தச் சுத்தமா வெட்டத் தெரிஞ்ச ஆளு உன் புருஷன் ஒருத்தன்தான். நான் இடக்கையால கன்னுக்குட்டியப் புடிச்சுக்கிறேன். அவன் வெட்டட்டும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருடைய மான் என்று சொல்கிற காதடையாளத்தை வேற்றுக் குடும்பத்தான் கத்தியில் யார் கொடுப்பார்கள்? பியேரா கட்டின தாடையோடு ஏதோ உறுமினான். நீங்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன் ஒரே கூட்டத்தில் மந்தை ஓட்டினவர்கள், அவன் அடையாளம் உன் கைக்கு மறந்திருக்காது, அது சரி. ஆனால் எனக்கு வேறு பயம். உங்கள் பக்கத்தில், கையில் கத்தியோடு லெமெத்தா என்று கேட்டேவிட்டேன்.

"கத்தி இல்லாம எப்படி வெட்டுவான்?" என்றான் மிக்கால். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. உன் கையை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீ சொல்வாய். ஆமாம், கொடுத்துவிட்டேன். அவன் கையை நீ எடுக்கும்போது யாரைக் கேட்டாய்?

பட்டியைச் சுற்றி ஊரே நிற்கும். எல்லோருக்கும் கதை தெரியும். யொவ்னா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பான், என் கோடரி பட்ட தோள் அவனுக்கு இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. பியேரா இந்தப் பக்கம் நிற்பான். யாராவது ஒரு வார்த்தை கூடக் குறையப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஆற்றில் பார்த்துவிட்டேன். மிக்கால் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, கன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பான். அவன் கழுத்து உன் கைக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும். அதைத் தெரிந்துதான் அவன் கேட்டான். நீயும் தெரிந்துதான் வர வேண்டும்.

ஜூனில் உன்னை விடுகிறார்கள். உன் சின்னக் கத்தி அதன் இடத்தில், கதவுக்கு மேல் இருக்கிறது. துருப்பிடிக்காமல் துடைத்து வைத்திருக்கிறேன், ஆனால் தீட்டவில்லை. தீட்டுவது உன் வேலை. எல்லே வேலி மேல் உட்கார்ந்து பார்க்கப் போகிறாளாம், நான் வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டேன் என்கிறாள். நானும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

லெமெத், கன்றின் காதைப் பார். அவன் முகத்தைப் பார்க்காதே, யொவ்னாவைப் பார்க்காதே, என்னையும் பார்க்காதே. காதை மட்டும் பார். முதல் கன்றை நீ வெட்டி முடித்துவிட்டால் போதும், இரண்டாவதை நானே பிடித்துவந்து கொடுக்கிறேன்.

உன்னை எதிர்பார்த்தும், பயந்தும் இருக்கிற
காரென்.